அடுப்பின் வயிறு ஏன் கறுப்பதில்லை?

விறகடுப்பு எரிகிற அடுப்படியில் கரி படியாத இடம் குறைவு. பானையின் அடி கறுத்திருக்கும். பின்சுவர் கறுத்திருக்கும். உத்தரம் மினுங்கிக் கறுத்திருக்கும். ஆனால் நெருப்பு நாள்தோறும் கிடந்து எரிகிற அடுப்பின் உள்வயிறு மட்டும் செங்கல் நிறத்தில், அங்கங்கே சாம்பல் வெளுப்போடு, சுத்தமாக இருக்கும். அதை யாரும் தேய்த்துக் கழுவுவதில்லை. கரி பிறக்கிற இடமே அதுதான். பிறந்த இடத்தில் தங்காத கரி, மூன்றடி தள்ளியிருக்கும் சுவரில் போய் ஏன் ஒட்டிக்கொள்கிறது?

இதற்கு விடை தெரிந்தவருக்கு, முட்டை வடிவப் பீங்கான் கரி அடுப்பை எப்படிச் சுத்தம் செய்வது என்பதும் தெரிந்துவிடும். வெளிநாட்டுத் தமிழர் வீட்டுக் கொல்லைகளிலும் ரிசார்ட் தோட்டங்களிலும் இறைச்சி சுடுவதற்கு வைத்திருக்கும் அடுப்பு அது. அதன் உட்புறம் கோழிக்கொழுப்பும் மசாலாவும் புகையும் சேர்ந்து பிசுபிசுவென்று படிந்துவிட்டால் சோப்புப் போடுவதில்லை, தண்ணீர் ஊற்றுவதில்லை. கரியை நிரப்பி, காற்று வரும் வழியையும் போகும் வழியையும் நன்றாகத் திறந்துவிட்டு, மூடியில் பதித்த வெப்பமானி 300 டிகிரி செல்சியஸ் அளவைத் தொடும்வரை எரியவிடுகிறார்கள். அந்தச் சூட்டில் முக்கால் மணி, ஒரு மணி நேரம் வைத்திருந்து அணைக்கிறார்கள். மறுநாள் திறந்தால், பிசுக்கு இருந்த இடத்தில் துடைப்பத்துக்கு உதிர்கிற தூள்தான் மிச்சம்.

நெருப்பு அழுக்கைத் தின்றுவிட்டது என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த அழுக்கை உண்டாக்கியதும் அதே நெருப்புதானே? ஒரு நாள் அழுக்காக்குகிற தீ, இன்னொரு நாள் எப்படித் துப்புரவு செய்கிறது?

பூட்டிய வீட்டில் ஒரு ஜப்பான் அடுப்பு

இந்த அடுப்பின் பூர்வீகம் ஜப்பான். விறகோ கரியோ போட்டுச் சோறாக்கும் அடுப்புக்கு அங்கே 'கமாடோ' என்று பெயர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் இருந்த அமெரிக்கப் படையினர், மூடி போட்ட மண் அடுப்புகளை ஊருக்கு எடுத்துப்போனார்கள். 1974இல் எட் ஃபிஷர் என்பவர் அட்லாண்டா நகரில் 'பிக் கிரீன் எக்' நிறுவனத்தைத் தொடங்கி இவற்றை விற்றார். மண் அடுப்புகள் விரிசல் விட்டதால், உயர்ந்த வெப்பத்தைத் தாங்கும் பீங்கானுக்குப் பிறகு மாறினார்கள். இன்று பல நிறுவனங்கள் இதே வடிவில் செய்கின்றன.

அமைப்பு எளியது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனமுள்ள சுவர். வெளிப்பக்கம் மெருகு ஏற்றியது, உட்பக்கம் மெருகில்லாத வெறும் பீங்கான். கீழே சிறு கதவு, மூடியின் உச்சியில் திறந்து மூடக்கூடிய ஒரு துளை. இரும்பு கடத்துகிற வெப்பத்தில் சுமார் ஐம்பதில் ஒரு பங்கைத்தான் பீங்கான் கடத்தும். அதனால் உள்ளே பிறந்த சூடு உள்ளேயே நிற்கிறது. ஒருமுறை போட்ட கரியிலேயே மணிக்கணக்கில் சமைக்கலாம்.

இதை இளையாத்தங்குடியில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் வைத்துப் பார்ப்போம். கற்பனைதான், ஆனால் ஊருக்குப் பொருந்துகிற கற்பனை. நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்றான கைலாசநாதர், நித்யகல்யாணி கோயில் இருக்கும் ஊர் அது. கடல் கடந்து வணிகம் செய்தவர்கள் கட்டிய செட்டிநாட்டு வீடுகளில், பர்மாத் தேக்குக்குப் பக்கத்திலேயே ஜப்பான் பீங்கான் ஓடுகளும் சுவரேறிப் பல தலைமுறை ஆகிவிட்டது. ஜப்பான் பீங்கான் இந்த மண்ணுக்கு வேற்றாள் இல்லை.

இன்னொரு பொருத்தமும் உண்டு. இந்த வீடுகளில் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. கல்யாணம், சாந்தி, படைப்பு என்று ஏதாவது வந்தால்தான் கதவு திறக்கும். சித்திரை விடுமுறையில் கூடிச் சுட்டுச் சாப்பிட்டுவிட்டு மூடிவைத்த அடுப்பை, ஐப்பசி கார்த்திகை மழையெல்லாம் ஓய்ந்தபின் தைப்பொங்கலுக்குத் திறந்தால் உள்ளே பூஞ்சை வரவேற்கும். தின்னக் கொழுப்பு இருக்கிறது. பீங்கானின் நுண்துளைகளில் மழைக்கால ஈரம் இருக்கிறது. மூடி போட்ட இருட்டில் காற்றோட்டம் இல்லை. வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடக்கும்.

கழுவிவிடலாமே என்றுதான் முதலில் தோன்றும். மீன்குழம்புச் சட்டிக்குச் சோப்பை எடுக்கிற பேத்தியிடம், "வேணாம்த்தா, சட்டி குடிச்சிரும்" என்று செட்டிநாட்டு அப்பத்தா சொன்னால், அது பீங்கான் அடுப்புக்கும் பொருந்தும். மெருகில்லாத மண் எதையும் உறிஞ்சும். உறிஞ்சிய சோப்பும் ரசாயனமும் அடுத்த முறை சூடேறும்போது ஆவியாகிக் கறியில் ஏறும். பூஞ்சையைக் கொல்ல நூறு டிகிரிச் சூடே போதும். அது தின்று வளர்ந்த பிசுக்கை அகற்றத்தான் அதற்கும் மேலே போக வேண்டியிருக்கிறது.

சூடு உடைக்கும், காற்று கொண்டுபோகும்

அடுப்பு சூடேற ஏற அந்தப் பிசுக்குக்கு என்ன ஆகிறது?

100 டிகிரியில் ஈரம் ஆவியாகிப் போகிறது. 200ஐத் தாண்டினால் எண்ணெயும் கொழுப்பும் புகையத் தொடங்கும். சுத்திகரித்த கடலை எண்ணெய் ஏறத்தாழ 230 டிகிரியில் புகையும். இந்தக் கட்டத்தில் கொழுப்பு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து நீளமான வலையாகி, கெட்டியான ஒரு பூச்சாக மாறுகின்றன. புதுத் தோசைக்கல்லில் எண்ணெய் தடவிச் சூடேற்றிப் பழக்கும்போது உண்டாகும் கறுத்த வழுவழுப்பு இதுவேதான். கல்லில் நாம் விரும்பி வளர்ப்பதும் பீங்கான் அடுப்பில் வெறுத்து நீக்குவதும் ஒரே பொருள்.

300 டிகிரியை நெருங்கும்போது மூலக்கூறுகள் தாங்காமல் உடைகின்றன. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த துண்டுகள் வாயுவாக வெளியேறுகின்றன. அப்போது கிளம்புகிற, கண்ணைக் கரிக்கும் மஞ்சள் புகையில் அக்ரோலின் போன்ற பொருள்கள் இருக்கும். காந்திய எண்ணெயின் நெடி அதுதான். அவை போனபின் மிஞ்சுவது பெரும்பாலும் கார்பன், அதாவது கரி. இந்தக் கட்டம் வரை அழுக்கின் எடைதான் குறைந்திருக்கிறது, கறுப்பு கூடியிருக்கிறது.

இந்தக் கரி உருகாது. தண்ணீரில் கரையாது. சோப்புக்கும் மசியாது. அதை அசைக்கக்கூடியது ஆக்சிஜன் ஒன்றுதான். சூடான கரியோடு ஆக்சிஜன் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வாயுவாகி உச்சித் துளை வழியே போய்விடுகிறது. கெட்டியாக ஒட்டியிருந்த அழுக்கு காற்றோடு காற்றாகக் கலக்கிறது. சாதாரண வெப்பத்தில் இந்த வினை நடப்பதே இல்லை எனலாம். அதனால்தான் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மண்ணில் புதைந்த கரித்துண்டும் கரியாகவே கிடைக்கிறது. வெப்பம் ஏறினாலோ வேகம் தாறுமாறாகக் கூடும். 300 டிகிரியில் இருப்பதைவிட 400 டிகிரியில் பல பத்து மடங்கு வேகம். 600ஐத் தாண்டினால் படிந்த கரி கண்முன்னே மறையும்.

அப்படியானால் 300 டிகிரியில் அடுப்பு எப்படிச் சுத்தமாகிறது? மூடியிலுள்ள வெப்பமானி காட்டுவது மேலே சுற்றும் காற்றின் சூட்டை. கீழே கனலும் கரியின் சூடு 700 டிகிரிக்கும் மேல். கரியை ஒட்டிய சுவர் அதற்கேற்பக் கொதிக்கும். எனவே அடுப்பின் கீழ்ப்பாதி வெளுத்துவிடுகிறது. மேல்மூடியின் உட்புறம் முழுதாக வெளுக்காது. அங்கே பிசுக்கு வறண்டு, பிடிப்பை இழந்து, பொருக்குப் பொருக்காக உரியும். புதிதாக வாங்கியவர்கள் பெயின்ட் உரிகிறது என்று பதறுவார்கள். உள்ளே பெயின்டே கிடையாது. உரிவது காய்ந்த கரி, தேய்த்துவிட்டால் போதும். அடியில் மெல்லிய கறுப்பு மிஞ்சினாலும் கெடுதல் இல்லை.

விறகு போட்டுச் சூடேற்றும் பேக்கரி அடுப்புகளில் இதையே அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். தீ மூட்டியதும் கூரை வளைவு புகைபட்டுக் கறுக்கும். சுமார் 350 டிகிரியை நெருங்கும்போது அந்தக் கறுப்பு தானாக விலகி, செங்கல் வெளுத்துத் தெரியும். வெப்பமானி இல்லாமலேயே அடுப்பு தயார் என்று அறிந்துகொள்வார்கள். மின்சார அவனில் இந்த வித்தையை 1963இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் பொத்தானாக மாற்றியது. பொத்தானை அழுத்தினால் கதவு பூட்டிக்கொள்ளும். உள்ளே ஏறத்தாழ 480 டிகிரிவரை சூடேறி, சில மணி நேரத்தில் பிசுக்கு முழுவதும் சாம்பலாகிவிடும்.

மூட்டக்காரரின் நஷ்டம், நமக்கு லாபம்

காற்றில்லாத சூடு என்ன செய்யும் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவது பலருக்குப் பிழைப்பு. விறகை இடைவெளி தெரியாமல் நெருக்கி அடுக்குகிறார்கள். மேலே தழையோ வைக்கோலோ பரப்பி, ஈரமண்ணால் மூடிப் பூசுகிறார்கள். சிறு வாய் வழியாகத் தீ வைத்து, அது பிடித்ததும் வாயை அடைக்கிறார்கள். நாள்கணக்கில் அது உள்ளுக்குள்ளேயே வேகும். முதலில் வருகிற அடர்ந்த வெண்புகையில் பெரும்பகுதி நீராவி. பிறகு புகை மெலிந்து நீலம் பாரிக்கும். மூட்டக்காரர் கண் எப்போதும் மண்பூச்சின் மீதே இருக்கும். எங்காவது வெடிப்பு விட்டால் ஓடிப்போய் மண் அப்புவார். தாமதித்தால் அந்த இடத்து விறகெல்லாம் சாம்பலாகிவிடும், உழைப்பும் போய்விடும்.

மூட்டக்காரருக்கு நஷ்டம் தருகிற அந்த வெடிப்புதான் பீங்கான் அடுப்பைச் சுத்தம் செய்பவருக்கு வேண்டும். காற்று புகாத சூட்டில் கரி மிஞ்சும். காற்று புகுந்த சூட்டில் சாம்பல் மிஞ்சும். சமைக்கும்போது துளைகளைப் பாதி மூடி, காற்றைக் குறைத்து, மெல்லிய தணலில் வேகவைக்கிறோம். அது ஒரு குட்டி மூட்டம்தான், ஆகவே சுவரில் பிசுக்கும் கரியும் ஏறுகின்றன. சுத்தம் செய்யும் நாளில் அதே துளைகளை முழுக்கத் திறக்கிறோம். தீ மாறவில்லை. தீக்குக் கிடைக்கும் காற்று மாறியது.

எவ்வளவு காற்று வேண்டும்? ஒரு கிலோ கார்பன் முழுதாக எரிய ஏறத்தாழ 2.7 கிலோ ஆக்சிஜன் தேவை. அதைத் தரக்கூடிய காற்றின் அளவு சுமார் 10 கன மீட்டர். 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரமுள்ள ஒரு சிற்றறையில் அடங்குகிற காற்று அவ்வளவும் ஒரே ஒரு கிலோ கரிக்குத் தீர்ந்துபோகும். ஊதுகுழல் இல்லாமல் இவ்வளவும் எப்படி உள்ளே போகிறது? 300 டிகிரிச் சூட்டில் காற்றின் அடர்த்தி, வெளியே இருக்கும் காற்றின் அடர்த்தியில் ஏறத்தாழ பாதிதான். இலேசான அது உச்சித் துளை வழியே மேலேறும்போது, கீழ்க்கதவு வழியே புதுக்காற்று இழுபட்டு வருகிறது. எனவே சூடு ஏறவில்லையே என்று கரியை மேலும் மேலும் போடுபவர் முதலில் பார்க்க வேண்டியது அடித்தட்டை. பழைய சாம்பல் துளைகளை அடைத்துக்கொண்டிருந்தால் எத்தனை கரி போட்டும் பயனில்லை.

இப்போது அடுப்படிப் புதிருக்கு வரலாம். அடுப்பின் உள்வயிறு நல்ல தீயில் 600 டிகிரிக்கும் மேல் காய்கிறது, வாய்வழியே காற்றும் தாராளமாக வருகிறது. அங்கே கரித்துகள் வந்து ஒட்டினாலும் அந்தக் கணமே எரிந்துபோகும். பானைக்குள் தண்ணீர் கொதிக்கும்வரை அதன் அடி 100 டிகிரியை விட்டு அதிகம் விலகாது. தீயின் நாக்கே தொட்டாலும், அந்தக் குளிர்ந்த அடியில் படிகிற கரி எரிவதில்லை. சுவருக்கும் உத்தரத்துக்கும் இதே கதைதான். பாத்திரத்தின் அடியில் மண்ணைக் குழைத்துப் பூசிவிட்டு அடுப்பேற்றுகிற பழக்கத்தின் நியாயமும் இதில் இருக்கிறது. கரி படிவதைத் தடுக்க முடியாது என்று தெரிந்தவர்கள், அது மண்ணின் மேல் படிந்து மண்ணோடு கழன்றுபோகும்படி செய்தார்கள்.

கீழடிப் பானையில் தங்கிய கரி

இந்தக் கணக்கைத் தெரிந்தே கையாண்டவர்கள் இதே சிவகங்கை மாவட்டத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார்கள். கீழடியில் 2014இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது, பின்னர் தமிழ்நாடு தொல்லியல் துறை தொடர்ந்தது. 2019இல் மாநிலத் துறை வெளியிட்ட அறிக்கையின்படி, அங்கே கிடைத்த ஒரு கரிமாதிரியின் காலம் கி.மு. 580. ஆக்சிஜன் எட்டாத மண்ணடியில், சூடும் இல்லாமல் கிடந்ததால் அந்தக் கரி அத்தனை காலமும் நிலைத்தது.

கீழடியில் ஏராளமாகக் கிடைப்பவற்றுள் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளும் உண்டு. உள்பக்கமும் வாய்விளிம்பும் கறுப்பு. வெளிப்பக்கத்தின் கீழ்ப்பகுதி சிவப்பு. இரண்டு வண்ணம் பூசியதால் வந்ததல்ல இது. பானையைக் கவிழ்த்துச் சுடும்போது உள்ளே காற்று புகாது. வைக்கோல், தழை போன்றவை அங்கே கரிந்து, கார்பன் மண்ணின் நுண்துளைகளுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வெளிப்பக்கத்தில் காற்று தாராளம். அங்கே கரி எரிந்துபோக, மண்ணிலுள்ள இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து சிவக்கும். ஒரே பானையின் ஒரு பக்கம் மூட்டமாகவும் மறுபக்கம் திறந்த அடுப்பாகவும் இருந்திருக்கிறது.

தொல்லியல் ஆய்வுக்கூடங்களில் பழைய ஓட்டின் சிறு சில்லை மின் உலையில், காற்றுபட, மறுபடி சுட்டுப் பார்ப்பதுண்டு. ஒரு குறிப்பிட்ட வெப்பத்தைத் தாண்டியதும் கறுப்பு மங்கி, ஓடு செந்நிறமாகும். பானை முதலில் எந்தச் சூட்டில், எவ்வளவு காற்றில் வெந்தது என்று அதிலிருந்து கணிப்பார்கள். கொல்லையில் பீங்கான் அடுப்பை எரித்துச் சுத்தம் செய்வதும் அடிப்படையில் இதே சோதனைதான்.

மண் பொறுக்கும், அவசரம் பொறுக்காது

மழைக்காலம் முடிந்து திறந்த அடுப்பில் எடுத்த எடுப்பிலேயே பெருந்தீ மூட்டினால் விரிசல் விடக்கூடும். நுண்துளைகளில் நிற்கும் நீர் ஆவியானால் அதன் பருமன் சுமார் 1,600 மடங்காகும். வெளியேற வழி கிடைக்குமுன் அது பெருகினால் பீங்கானைப் பிளந்துகொண்டு வரும். உட்புறம் சூட்டில் விரிய, வெளிப்புறம் குளிர்ந்தே இருப்பது இன்னொரு இழுபறி. மூன்றாவதாக, களிமண்ணில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் மணல். 573 டிகிரியில் அதன் படிக அமைப்பு மாறி, பருமன் சட்டெனக் கூடும். ஆறும்போது அதே புள்ளியில் சட்டெனக் குறையும்.

மானாமதுரைக் குயவர்களுக்குப் பாடப்புத்தகம் இல்லாமலே இது தெரியும். கடத்துக்குப் பெயர்போன அந்த ஊரின் மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எந்தச் சூளையிலும் முதல் தீ சிறிய தீதான். புகைந்து புகைந்து ஈரம் முழுக்க வெளியேறிய பிறகே தீயைக் கூட்டுவார்கள். வெந்து முடிந்த சூளையை அவசரப்பட்டுப் பிரிக்கவும் மாட்டார்கள். பீங்கான் அடுப்புக்கும் அதே ஒழுங்கு வேண்டும். நனைந்த அடுப்பானால் ஒரு கைப்பிடிக் கரியில் ஒரு மணி நேரம் இளஞ்சூடு காட்டிவிட்டு, பிறகு அரைமணி நேரத்தில் படிப்படியாக 300 டிகிரிக்குக் கொண்டுபோகலாம். முடிந்ததும் இரண்டு துளைகளையும் மூடிவிட்டால் காற்றில்லாமல் தீ தானே அணையும். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்கக் கூடாது.

அடியில் கொழுப்பு குளமாகத் தேங்கியிருந்தால் அதை முதலில் சுரண்டி எடுக்க வேண்டும். அது தீப்பிடித்தால் சூடு நம் கட்டுப்பாட்டில் நிற்காது. மூடியின் விளிம்பில் ஒட்டியிருக்கும் ஃபெல்ட் பட்டை பொசுங்குவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

மூடியைத் திறக்கும் கணம்

காற்று குறைந்த அடுப்பில் கரி முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடாக நிற்கும், கொழுப்பின் ஆவியும் சேர்ந்திருக்கும். எரிவதற்குச் சூடு இருக்கிறது, எரிபொருள் இருக்கிறது, ஆக்சிஜன் மட்டும் இல்லை. அந்த நேரத்தில் மூடியை விருட்டென்று தூக்கினால் காற்று உள்ளே பாய, மொத்தமும் ஒரே கணத்தில் பற்றிக்கொண்டு முகத்தை நோக்கி வரும். புருவமும் முன்கை மயிரும் பொசுங்கிப்போகும். மூடியை இரண்டு விரல் அளவு தூக்கி, சில நொடி நிறுத்தி, மறுபடி இறக்கி, இப்படி இரண்டு மூன்று முறை மூச்சு விட்டபிறகே முழுக்கத் திறக்க வேண்டும். முகம் பக்கவாட்டில் இருக்கட்டும்.

அதே கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிருக்காக மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கி உயிரிழந்தவர்களைப் பற்றி மலைப்பகுதிகளிலிருந்து செய்திகள் வந்தபடி இருக்கின்றன. திறந்த கொல்லையில் செய்ய வேண்டிய வேலையை மழைக்குப் பயந்து தாழ்வாரத்துக்குள் இழுக்கக் கூடாது.

லாரிக்கு அடியிலும் ஒரு பீங்கான்

கொல்லையில் பீங்கான் அடுப்பு இல்லாதவரும் இந்தச் சுத்திகரிப்பை அன்றாடம் கடந்துபோகிறார். 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் வாகனங்களுக்கு பி.எஸ்.-6 விதிகள் பொருந்தும். அதன் பின் வந்த டீசல் கார்கள், லாரிகள், பேருந்துகளின் புகைக்குழாயில் கரித்துகள் வடிகட்டி இருக்கிறது. பெரும்பாலும் கார்டியரைட் அல்லது சிலிக்கான் கார்பைடு என்னும் பீங்கான் வகையில் செய்த, நுண்ணிய கண்ணறைகள் கொண்ட உருளை அது. பீங்கான் அடுப்புக்குள் தீயை மறைக்க வைக்கும் தட்டுகளும் பல நேரம் கார்டியரைட்டில் செய்தவையே. சூட்டில் மிகக் குறைவாக விரிவதால் இரண்டு இடத்திலும் அதற்கு மதிப்பு.

வடிகட்டியின் சுவரில் கரி சேர்ந்துவிட்டால் வாகனம் தானாகக் கூடுதல் டீசலைச் செலுத்தி, புகையின் சூட்டை 600 டிகிரிப் பக்கம் உயர்த்துகிறது. கரி எரிந்து வாயுவாகிறது, வடிகட்டி திறந்துகொள்கிறது. காரைக்குடிக் கடைத்தெருவுக்குள்ளேயே சுற்றி நிற்கிற காரில் அந்தச் சூடு ஏற நேரம் கிடைக்காமல் எச்சரிக்கை விளக்கு எரியும். மெக்கானிக் சொல்லும் வைத்தியம், நெடுஞ்சாலையில் விடாமல் ஒரு ஓட்டம். கூடுதல் சூட்டையும் தடைபடாத காற்றையும் கொடுக்கச் சொல்கிறார், அவ்வளவுதான்.

தீ விட்டுவைப்பது

எரியக்கூடியதெல்லாம் போனபின் எஞ்சுவது சாம்பல். கரியிலிருந்த சுண்ணாம்புச் சத்தும் பொட்டாஷும் அதில் இருக்கும். கறியிலிருந்து சொட்டிய உப்பும் இருக்கும், அது உருகவே 801 டிகிரி வேண்டும். இவை ஏற்கெனவே ஆக்சிஜனோடோ வேறொன்றோடோ சேர்ந்து அமைதியடைந்த பொருள்கள், மேலும் எரிவதற்கு அவற்றில் ஒன்றும் இல்லை. சாண உருண்டையைப் பதருக்குள் வைத்து மெல்ல எரித்தெடுக்கும் திருநீறு வெளுப்பதும் கடைசிக் கரி வரை போய்விடுவதால்தான். லாரி வடிகட்டியிலும் என்ஜின் ஆயிலிலிருந்து வந்த சாம்பல் தங்கிவிடுகிறது. எந்தச் சூட்டுக்கும் அது அசையாது, ஒருநாள் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். கொல்லை அடுப்புக்குத் துடைப்பமும் முறமும் போதும். சாம்பலுக்குள் கங்கு ஒரு நாள்கூட மறைந்திருக்கும் என்பதால் தகர வாளியில் அள்ளுவது நல்லது.

வார்ப்பிரும்புக் கம்பித்தட்டையும் உள்ளேயே வைத்து எரித்திருந்தால், பழக்கிய தோசைக்கல்லை அடுப்பில் மறந்துவிட்ட கதைதான். எண்ணெய்ப் பூச்சு முழுதும் எரிந்து இரும்பு வெறுமையாகிவிடும், விட்டால் மறுநாளே துருவேறும். உடனே எண்ணெய் தடவிச் சூடு காட்டி மறுபடி பழக்க வேண்டும்.

இந்தப் பெருந்தீ அடிக்கடி தேவைப்படாது. ஆண்டுக்கு ஒரு முறை, அதிகம் புழங்கினால் இரண்டு முறை. ஒவ்வொரு முறையும் ஒரு கூடைக் கரி செலவாகிறது, அக்கம்பக்கத்துக்குப் புகையும் போகிறது, பீங்கானுக்கும் அது ஒரு சோதனை. சுட்டு முடித்ததும் துளைகளைத் திறந்து கால்மணி நேரம் கூடுதலாக எரியவிட்டு, தட்டைத் தேய்த்துவிட்டால் பிசுக்கு ஏறுவதே குறையும். ஊரைவிட்டுக் கிளம்பும்போது சாம்பலை அள்ளிக் கொட்டிவிட்டு, மழைபடாத இடத்தில் கீழ்க்கதவையும் மேல்துளையையும் சற்றே திறந்துவைத்துப் பூட்டுங்கள். மாதக்கணக்கில் காற்று உலவிய அடுப்பில் பூஞ்சைக்கு வேலை இருக்காது, பொங்கலுக்கு வந்ததும் நேராகக் கோழியைச் சுடலாம்.